திரையில் குதிக்கும் விளம்பரங்கள்

சென்ற மாதம் மாணவி ஒருத்தியின் தந்தை, பால்மரம் சீவிய கையோடு என்னிடம் ஓடி வந்தார். "ஐயா, பிள்ளையின் கணினியில் கிருமி புகுந்துவிட்டதாம். இந்த எண்ணை அழைத்துப் பணம் கட்டச் சொல்கிறது!" என்றார்.

போய்ப் பார்த்தேன். யாரோ கொடுத்த பழைய கணினி. அதில் இயங்குவது லினக்ஸ். எச்சரிக்கையோ, "உங்கள் விண்டோஸ் பழுதடைந்துவிட்டது" என்றது! வீட்டில் இல்லாத மாட்டுக்கு வைத்தியம் பார்க்கக் கூலி கேட்கிறார்கள்.

நேயர்களே, லினக்ஸில் இத்தொல்லை பெரும்பாலும் கணினிக்குள் புகுந்திருப்பதில்லை. இணையம் பார்க்க உதவும் உலாவியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். படம் பார்க்கப் போன ஏதோ ஒரு பக்கம், "அறிவிப்பு அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கும். பிள்ளையும் யோசிக்காமல் சம்மதித்திருக்கும். பிள்ளையை ஏசாதீர்கள், பெரியவர்களும் அப்படித்தான் அழுத்துகிறோம்.

ஃபயர்பாக்ஸ் உலாவியானால், அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று, அனுமதிகளின் கீழ் 'அறிவிப்புகள்' என்பதைத் திறவுங்கள். அங்கே காணும் அறிமுகமில்லாத முகவரிகளை நீக்குங்கள். பிறகு நீட்சிகளின் பட்டியலில், நீங்கள் சேர்க்காதது ஏதும் இருந்தால் அகற்றுங்கள். அந்த வீட்டில் முதல் வேலையிலேயே தொல்லை நின்றது. நிற்காவிட்டால் ஃபயர்பாக்ஸைப் புதுப்பிக்கும் வசதி உண்டு. நீட்சிகள் போய்விடும், சேமித்த கடவுச்சொற்கள் போகா.

நல்ல வேளை, அவர் அந்த எண்ணை அழைக்கவில்லை. அழைத்து வங்கி விவரம் கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே உங்கள் வங்கிக்கும், மலேசியாவில் மோசடிப் புகாருக்குரிய 997 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள்.