அழிப்பதற்கு முன் ஐந்து நிமிடம்



லினக்ஸ் உள்ள ஆய்வகக் கணினி ஒருநாள் காலையில் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். பழுதுபார்க்க வருபவர் பெரும்பாலும் சொல்வது, “ஃபார்மட் பண்ணிடலாம் சார்.” எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் ஓராண்டுச் செயல்திட்டங்கள் அப்படித்தான் போயின. அவை வன்தட்டில் பத்திரமாகத்தான் இருந்தன என்பதே வருத்தம்.

வன்தட்டைப் பல பார்ட்டிஷன்களாகப் பிரித்து ஹோம், பூட், யூஎஸ்ஆர் என்று தனித்தனியே வைப்பதுண்டு. கணினி தொடங்கும்போது முதலில் கெர்னல் ஏறும். பிறகு ரூட் பார்ட்டிஷன் திறக்கும். அதிலுள்ள எஃப்எஸ்டேப் என்ற பட்டியலைப் பார்த்து மற்றவை ஒவ்வொன்றாக இணையும். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் யூயூஐடி என்ற தனி எண் உண்டு, நம் பிள்ளைகளின் எமிஸ் எண் போல. ஆனால் எமிஸ் எண் மாறாது. பார்ட்டிஷனை மறுபடி ஃபார்மட் செய்தால் இது மாறிவிடும். பட்டியலில் பழைய எண்ணே நிற்கும். கணினி ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு, ‘எமர்ஜென்சி மோட்’ என்று நின்றுவிடும்.

அங்கே ரூட் கடவுச்சொல் கொடுத்து, ‘பிஎல்கேஐடி’ கட்டளையால் உண்மையான எண்ணைப் பார்த்து, பட்டியலில் திருத்தினால் போதும். கடவுச்சொல் இல்லையா? லினக்ஸ் உள்ள பென்டிரைவிலிருந்து தொடங்கியும் இதைச் செய்யலாம். ஹோம் வரிசையில் ‘நோஃபெயில்’ என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால், அது இணையாவிட்டாலும் கணினி நிற்காது.

தனி பூட் பார்ட்டிஷனில் வேறு தொல்லை. புதுப்பிக்கும்போதெல்லாம் புதிய கெர்னல் வந்து சேரும். இடம் நிரம்பினால் நிறுவல் பாதியில் நிற்கும், அடுத்த நாள் கணினி ஏறாது. கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ கொடுத்துத் தேவையற்றவற்றை நீக்குங்கள்.

யூஎஸ்ஆரைத் தனியே வைப்பது பீரோ சாவியை பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது போன்றது. தொடக்கத்திலேயே தேவைப்படும் நிரல்கள் அதனுள் இருக்கும். வட்டுகள் மிகச் சிறியதாயிருந்த 1970களின் யூனிக்ஸ் பழக்கம் அது. இப்போது அதற்குக் காரணமே இல்லை.

பள்ளிக் கணினிக்கு ஹோம் ஒன்றை மட்டும் தனியே வைத்தால் போதும் என்பது என் கருத்து. இயங்குதளத்தை மறுபடி நிறுவும்போது அதை மட்டும் ஃபார்மட் செய்யாமல் விட்டால் பிள்ளைகளின் கோப்புகள் அப்படியே இருக்கும். எந்தப் பார்ட்டிஷன் ஹோம் என்பதை ஒரு தாளில் எழுதி, கணினியின் பக்கவாட்டில் இன்றே ஒட்டிவிடுங்கள்.