கட்டுரை எழுதப் பழகுவோம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் கட்டுரை எழுதுவதில் தேர்ச்சி பெறுவது எங்ஙனம் என்பது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கச் செயலாளர் பணித்தபோது நான் திகைத்தேன். நானோ மெட்ரிக் படிப்போடு பள்ளிக்கு விடை கொடுத்துவிட்டு, இரயில்வே குமாஸ்தாவாக அமர்ந்தவன். கல்லூரி வாயிலை நான் மிதித்ததே, என் மகளைச் சேர்க்கச் சென்ற அன்றுதான். ஆயினும், இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குறிப்பும் கடிதமும் எழுதியே பிழைப்பவன் என்னும் ஓர் உரிமையைப் பற்றிக்கொண்டு உங்கள் முன் நிற்கின்றேன்.

நம் பிள்ளைகளுக்கு வீட்டிலே தமிழ், தெருவிலே வங்காளமும் இந்தியும், கல்லூரியிலே ஆங்கிலம். இத்தனை மொழி பேசும் பிள்ளை, நான்கு பக்கக் கட்டுரை என்றதும் நடுங்குகின்றான். துணைநூலைத் தேடி ஓடுகின்றான். இக்காலத்திலோ அந்த ஓட்டமும் வேண்டுவதில்லை. தலைப்பைச் சொன்னால் கணினியே கட்டுரையைக் கையில் தந்துவிடுகின்றது. "அப்பா, இயந்திரம் என்னைவிட நன்றாக எழுதும்போது நான் ஏன் இடர்ப்பட வேண்டும்?" என்று என் மகளே ஒருநாள் வினவினாள். அவளுக்குக் கூறிய விடையையே இங்கும் கூறுகின்றேன்.

நான் பணியில் சேர்ந்த புதிதில், இறந்துபோன ஒரு தொழிலாளியின் கோப்பு என்னிடம் வந்தது. அவர் மனைவியின் பெயர் பணிப்பதிவேட்டில் ஒருவிதமாகவும், பிற ஆவணங்களில் வேறுவிதமாகவும் இருந்தமையால் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோயிருந்தது. நான் மூன்று பக்கத்தில் ஒரு குறிப்பு வரைந்தேன். பள்ளியில் கட்டுரைகளை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் அல்லவா? விதிகளை அடுக்கினேன், இறந்தவரின் பணி வரலாற்றை விரித்தேன், பெயரைத் திருத்த வேண்டும் என்னும் செய்தியை மூன்றாம் பக்கத்தின் அடியிலே புதைத்துவிட்டேன். "வேண்டுவது யாது?" என்று கேட்டுக் கோப்பு திரும்பி வந்தது. மீண்டும் எழுதினேன், மீண்டும் திரும்பியது. நான்கு மாதங்கள் கழிந்தன. அந்த அம்மையார் லோக்கல் வண்டியில் வந்து, தாழ்வாரத்து விசிப்பலகையில் அமர்ந்திருந்து, மாலையில் ஒன்றும் கேளாமலே எழுந்து செல்வார்.

எங்கள் தலைமைக் குமாஸ்தாவாகிய வங்காளப் பெரியவர் ஒருநாள் என்னை அழைத்தார். "அந்தப் பெண்மணிக்கு என்ன வேண்டும்? ஒரே மூச்சில் சொல்" என்றார். "பதிவேட்டில் பெயர் தவறாக உள்ளது, அதைத் திருத்தினால் ஓய்வூதியம் கிடைக்கும்" என்றேன். "இதை முதலில் எழுது, சான்றுகளைப் பின்னர் எழுது, எஞ்சியதை அடித்துவிடு" என்றார். அரைப் பக்கத்தில் முடிந்தது குறிப்பு. அடுத்த வாரமே ஆணை வந்துவிட்டது.

எழுதத் தெரியாமை என்னளவில் ஒரு குறை என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அது பிறர்க்கு இழைக்கும் தீங்காகவும் முடியும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். "மகளே! இயந்திரம் வாக்கியம் தரும். ஆனால், என்ன வேண்டும் என்பதை நாம் தெளிந்தாலன்றி அதனிடம் கேட்கவும் இயலாது. அது தந்தது சரியா, பிழையா என்று காணவும் இயலாது. அத்தெளிவு எழுதி எழுதித்தான் வரும்" என்றேன்.

அன்பர்களே! 1992ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வித்யாசாகர் பாலத்தை நம்மில் பலர் நாள்தோறும் கடக்கின்றோம். அப்பெரியாரின் வாழ்க்கையில் நம் மாணவர்க்கு ஒரு பாடம் உண்டு. 1820இல் வீரசிங்கம் என்னும் சிற்றூரில் பிறந்த ஈசுவர சந்திரர், எட்டு வயதில் தந்தையாரோடு கல்கத்தாவுக்கு நடந்தே வந்தார். வந்த வழி நம் ஹவுராவைச் சேர்ந்த சால்கியாவுக்கு வரும் சாலையே. வழியோரத்தில் நட்டிருந்த கல்லைக் கண்ட சிறுவன், "மசாலை அரைக்கும் அம்மியை ஏன் இங்கே நட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டான். தந்தை நகைத்து, அது மைல் கல் என்றார். பத்தொன்பதில் தொடங்கிக் கல்லுக்குக் கல் எண்ணைப் பார்த்து, அவ்வழியிலேயே ஆங்கில இலக்கங்களை அவன் கற்றுக்கொண்டான். தந்தை சோதிக்க விரும்பி ஆறாம் கல்லைக் காட்டாது மறைத்து, ஐந்தாம் கல்லைக் காட்டினார். "இஃது ஆறு என்று இருக்க வேண்டும், தவறி ஐந்து என்று வெட்டிவிட்டார்கள்" என்றானாம் பிள்ளை.

இத்தகைய கூரிய அறிவுடையவரே கட்டுரைக்கு அஞ்சினார் என்றால் நம்புவீர்களா? 1838இல் சமஸ்கிருதக் கல்லூரியில் கட்டுரைத் தேர்வு வந்தபோது, தமக்கு அத்திறன் இல்லையென்று அவர் ஒதுங்கி நின்றார். ஆசிரியர் பிரேமச்சந்திர தர்க்கவாகீசர் அவரை வலிந்து அழைத்து வந்து அமர்த்தினார். பின்னரும் நெடுநேரம் ஒன்றும் எழுதாது அமர்ந்திருந்தார் மாணவர். ஆசிரியர் மறுபடியும் வந்து, கடிந்து, தொடக்கச் சொற்களைத் தாமே எடுத்துக் கொடுத்தார். வாய்மையின் பெருமை பற்றிய அக்கட்டுரைக்கே நூறு ரூபாய்ப் பரிசு கிடைத்தது! தொடங்கும் வரையில்தான் அச்சம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அக்கையே 1855இல் கைம்பெண் மறுமணத்தை ஆதரித்து இரு நூல்களை எழுதிற்று. முதல் நூலில் தம் கொள்கையைக் கூறி, அதற்குரிய சாத்திரச் சான்றைக் காட்டினார். எதிர்ப்பு எழுந்தது. இரண்டாம் நூலில் எதிர்ப்புரைகளை எடுத்துக்கொண்டு விடை பகர்ந்தார். 1856இல் சட்டம் நிறைவேறியது. கூற்று, சான்று, மறுப்புக்கு விடை: கல்லூரிக் கட்டுரைக்கும் இம்மூன்றே உறுப்புகள். ஆங்கிலமாயினும் தமிழாயினும் முறை ஒன்றே.

இனி, மாணவர்க்குச் சில நடைமுறைகளைக் கூறுவேன்.

முதலாவது, வினாவை மும்முறை படியுங்கள். "விளக்குக" என்றால் ஒன்று. "ஒப்பிடுக" என்றால் வேறொன்று. "ஆராய்க" என்றால் மற்றொன்று. பின்னர், உங்கள் விடையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அவ்வாக்கியம் வாராவிடில் இன்னும் படிக்க வேண்டும் என்பது பொருள்.

இரண்டாவது, கண்டதை எழுதுங்கள். சுற்றுச்சூழல் பற்றிக் கட்டுரை கேட்டால், "சுற்றுச்சூழல் மனித வாழ்வுக்கு இன்றியமையாதது" என்று ஆயிரம் பேர் தொடங்குவர். நமக்கு அருகிலேயே சாந்த்ராகாச்சி ஏரி இருக்கின்றது. குளிர்காலத்தில் சீழ்க்கைச் சிறகி முதலிய பறவைகள் ஆயிரக்கணக்கில் அங்கே தங்குகின்றன. ஆகாயத்தாமரை நீரை மூடிவிட்டாலும் பறவைகளுக்கு இடமில்லை. முழுவதும் களைந்துவிட்டாலும் அமர இடமில்லை. ஆதலின் ஒரு பகுதியைத் தீவுகளைப் போல விட்டுவைத்து, எஞ்சியதை அகற்றுகின்றனர். ஒரு காலைப்பொழுது கரையில் நின்று இதைப் பார்த்துவிட்டுத் தொடங்கும் மாணவனின் தாள், ஆயிரம் தாள்களில் தனித்து நிற்கும்.

மூன்றாவது, பத்திகளை மைல் கற்களைப் போல நடுங்கள். ஒரு பத்திக்கு ஒரு கருத்து. எவ்வளவு தூரம் வந்தோம் என்பது படிப்பவர்க்கு அங்கங்கே தெரிய வேண்டும். இடையில் ஒரு கல் மறைந்தால், ஈசுவர சந்திரரைப் போலக் கண்டுபிடிப்பதற்குத்தான் ஆசிரியர் அமர்ந்திருக்கின்றார்.

நான்காவது, முதற்படியே முடிந்த படி என்று கொள்ளாதீர்கள். ஓரிரவு கழித்து, வாய்விட்டுப் படியுங்கள். நா இடறும் இடத்தில் வாக்கியம் பழுதுற்றிருக்கும். பிறர் நூலிலிருந்து கருத்தை எடுத்தால் அவர் பெயரைக் கூறுங்கள். கூறாமல் எடுப்பது பயணச்சீட்டு இல்லாப் பயணம். பரிசோதகர் வராத நாளிலும் அது குற்றமே!

ஐந்தாவது, நல்ல உரைநடையைப் பயிலுங்கள். திரு.வி.க. மெட்ரிக்குலேஷன் தேர்வு எழுதாதவர். ஆயினும் தமிழ் உரைநடைக்கு ஓர் அழகிய நடை தந்தார். மு.வ.வின் "தம்பிக்கு", "அன்னைக்கு" ஆகிய கடித நூல்கள் எளிமைக்கு இலக்கணம். ஆற்றைக் கடந்தால் அலிப்பூரில் தேசிய நூலகம் இருக்கின்றது. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை சேர்த்து வைத்த நூல்கள் அங்கேதான் உள்ளன. தமிழ்நாட்டு மாணவர்க்கும் எளிதில் எட்டாத அச்செல்வம் நமக்கு ஒரு பேருந்துத் தொலைவில் உள்ளது.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பிள்ளை எழுதியதைத் திருத்த நமக்குப் படிப்பில்லையே என்று தயங்க வேண்டா. "நீ சொல்ல வருவது என்ன? ஒரே மூச்சில் சொல்" என்று கேளுங்கள், அதற்குப் பட்டம் தேவையில்லை. சங்கத்தார்க்கும் என் விண்ணப்பம் ஒன்று. நம் மாணவர் எழுதும் ஒரு கையெழுத்து இதழைத் திங்கள்தோறும் நடத்த வேண்டும். அதற்குத் தாளும் மையும் என் செலவு. முதற் கட்டுரை என் மகளுடையது. இயந்திரத்தின் துணையின்றி எழுதுவதாக அவள் வாக்களித்திருக்கின்றாள்.

இறுதியாக ஒன்று. மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் உயர்ந்த பதவிகளில் அமர்வீர்கள். உங்கள் அறைக்கு வெளியே, விசிப்பலகையில், யாரேனும் ஒருவர் உங்கள் எழுத்துக்காகக் காத்திருப்பார். அவரை நான்கு மாதம் காக்க வைக்காதீர்கள். அதற்கான பயிற்சியை இன்றே தொடங்குங்கள்.