ஐந்து பவுண் தண்டம்



2009இல் எங்கட சனம் கிழமைக்கணக்காய்க் குந்தியிருந்த நாடாளுமன்றச் சதுக்கம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். சிலபேர் அம்மாவின் மடியில் இருந்து பார்த்திருப்பியள். அங்கிருந்து வைற்ஹோல் வழியாய்க் கொஞ்சத்தூரம் நடந்தால் ட்ரஃபல்கர் சதுக்கம். 1919ஆம் ஆண்டு அந்த இடத்தில் துண்டுப்பிரசுரம் குடுத்ததற்காக ஒரு பெண் கைதானவ. பெயர் எக்லன்டைன் ஜெப்.

முதலாம் உலகப்போர் முடிந்து மாதங்கள் கழிந்தும் பிரித்தானியாவும் அதன் கூட்டாளிகளும் முற்றுகையை எடுக்கவில்லை. வியன்னாவில் பிள்ளைகள் பட்டினி. பட்டினியில் வாடின ஒரு ஒஸ்திரியக் குழந்தையின் படத்தைப் போட்டு, இதைச் செய்தது எங்கட முற்றுகைதான் என்று பிரசுரத்தில் எழுதியிருந்தா. தணிக்கைக்குக் காட்டாமல் வெளியிட்டதற்கு வழக்கு. ஐந்து பவுண் தண்டம். வழக்கை நடத்தின அரச சட்டத்தரணியே அந்தக் காசைத் தன் பொக்கற்றில் இருந்து எடுத்துக் குடுத்தார் என்று கதை இருக்கு. அதே மே மாதம் அவவும் தங்கை டொரதி பக்ஸ்டனும் றோயல் அல்பேட் மண்டபத்தில் கூட்டம் வைத்துத் தொடங்கினதுதான் 'சேவ் த சில்ரன்'.

அந்த முதல் பிரசுரத்தில் பிள்ளையும் இருந்தது, பிள்ளையைப் பட்டினி போட்டவனும் இருந்தான். இண்டைக்கு ட்யூபில் நாங்கள் பார்க்கிற விளம்பரங்களில் பிள்ளையின் கண் இருக்கு, மாதம் இத்தனை பவுண் என்று இருக்கு, மற்ற ஆளைக் காணேல்லை. எனக்கு இந்த உதவி நிறுவனங்களோடு உள்ள பிரச்சினை இவ்வளவுதான்.

உதவியே வேண்டாம், எல்லாம் ஏகாதிபத்திய ஏமாற்று என்று போன கூட்டத்தில் ஒரு தோழர் சொன்னவர். நான் அதோடு ஒத்துப்போகேல்லை. எண்பதுகளில் யுனிசெப் தடுப்பூசியையும் உப்பு-சீனிக் கரைசலையும் உலகம் முழுக்கக் கொண்டுபோனது. வயிற்றோட்டத்தில் சாகவேண்டிய பிள்ளைகள் எத்தனையோ பேர் அதால் உயிரோடு இருக்கினம். தொண்ணூறுகளில் எங்கட நாட்டிலேயே போலியோ மருந்து குடுக்கிற நாட்களில் இரண்டு பக்கமும் துவக்கைக் கீழே வைத்தது. பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைக்கு ஒரு கொப்பியும் பென்சிலும் வந்து சேர்ந்தால் அது சின்ன விசயம் இல்லை. அதை லண்டனில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு நாங்கள் பகிடி பண்ணக் கூடாது.

ஆனால் 2008 செப்டெம்பரை மறக்கேலாது. வன்னியை விட்டு வெளியேறச் சொல்லி அரசாங்கம் ஐ.நா. அமைப்புகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் உத்தரவு போட்டது. கிளிநொச்சியில் அவையின்ர அலுவலகத்துக்கு முன்னால் சனம் கூடி, போகாதேயுங்கோ என்று கெஞ்சினது. போட்டினம். பிறகு செத்தவர்களின் எண்ணிக்கையைச் சேகரித்து வைத்திருந்தும் ஐ.நா. அதை உரத்துச் சொல்லேல்லை. சொன்னால் உள்ளே விடமாட்டாங்கள் என்ற பயம். இதை நான் சொல்லவில்லை, 2012 நவம்பரில் வெளிவந்த ஐ.நா.வின் சொந்த உள்ளக மீளாய்வு சொன்னது. அந்த நிறுவனங்களில் வேலை செய்த எங்கட பிள்ளைகளை நான் குறை சொல்ல வரேல்லை. 2006 ஓகஸ்ட்டில் மூதூரில் பசிக்கு எதிரான பிரெஞ்சு அமைப்பின் பணியாளர் 17 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். எல்லாரும் உள்ளூர் ஆக்கள். ஆபத்து அவைக்கு, மௌனம் மேலிடத்துக்கு.

சரி, போர் இல்லாத இடத்துக்கு வருவம். மலையகம். 2016ஆம் ஆண்டு அரச ஆய்வின்படி ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்கப் பார்த்தால் 17 வீதம். தோட்டங்களில் 32 வீதம். போரும் இல்லை, சுனாமியும் வரேல்லை. சம்பளம். 2021இல் நாட்கூலி 1000 ரூபாய் ஆனது, அதுக்கே வருடக்கணக்காய்ப் போராட்டம். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அந்த ஆயிரத்துக்கு என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் பாருங்கோ.

இங்கே திரிபோஷாவைப் பற்றிச் சொல்லவேணும். கர்ப்பிணித் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் கிளினிக்கில் குடுக்கிற சத்துமா. உங்கட அம்மம்மாவைக் கேட்டால் உருண்டை பிடித்துச் சாப்பிட்ட கதை சொல்லுவா. 1973இல் 'கெயார்' நிறுவனமும் அமெரிக்க உதவியும் சேர்ந்து தொடங்கினது. பிறகு உள்ளூர்ச் சோளம், சோயா, அரச தொழிற்சாலை என்று மாறினது. வீடு வீடாய்ப் போகிற குடும்பநல உத்தியோகத்தரின் கையால், இலவச சுகாதார சேவைக்குள்ளாலே போனதால்தான் அது நிண்டு பிடித்தது. வெளியில் இருந்து வந்த உதவி உருப்படியாய் முடிந்த இடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவன். அந்தத் திரிபோஷாவும் 2022இல் தடைப்பட்டது. சோளம் இல்லை. முதல் வருடம் இரவோடு இரவாக இரசாயன உரத்தைத் தடைசெய்தவர்கள், இறக்குமதிக்கு டொலர் இல்லாமல் கடனில் நாட்டை மூழ்கடித்தவர்கள், அவர்களின் பெயர் எந்த உதவிப் பொதியிலும் அச்சடிக்கப்படுவதில்லை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் 300 கோடி டொலர் கடனுக்குச் சம்மதித்தது. 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 வீதம் ஆனது. ஒரு கையால் பிடுங்கின சோற்றை மற்றக் கையால் பிஸ்கட்டாய்க் குடுக்கிற வேலை. இது புதுசும் இல்லை. 1942இல் இருந்து வந்த அரிசிப் பங்கீட்டை 1979இல் உணவு முத்திரையாக்கினார்கள். விலை ஏற ஏற முத்திரையின் பெறுமதி கரைந்துபோனது. இப்படியான சிக்கனத் திட்டங்கள் பிள்ளைகளை என்ன செய்கின்றன என்று 1987இலேயே யுனிசெப் ஒரு நூல் போட்டது. அந்த யுனிசெப்பை எனக்குப் பிடிக்கும்.

லண்டனுக்கும் இது பொருந்தும். 2020 டிசம்பரில் சதர்க்கில் பிள்ளைகளுக்குக் காலைச்சாப்பாடு குடுக்க யுனிசெப் 25,000 பவுண் குடுத்தது. பிரித்தானியாவுக்குள் அப்படி அவசர உதவி குடுத்தது அதுதான் முதல் தடவை. அமைச்சர் ஜேக்கப் றீஸ்-மொக், இது அரசியல் நாடகம், வெட்கப்படவேணும் என்று நாடாளுமன்றத்தில் பாய்ந்தார். யேமனுக்குக் குடுத்தால் கருணை, சதர்க்குக்குக் குடுத்தால் அரசியல்!

இப்ப அந்தக் கருணையும் சுருங்குது. தேசிய வருமானத்தில் 0.7 வீதமாய் இருந்த பிரித்தானிய உதவி 2021இல் 0.5 ஆனது. 2027இல் 0.3 ஆகும், மிச்சம் பாதுகாப்புச் செலவுக்கு என்று 2025 பெப்ரவரியில் ஸ்டாமர் அறிவித்தார். 2023இல் உதவிப் பணத்தின் கால்பங்குக்கு மேல், 430 கோடி பவுண், நாட்டைத் தாண்டவே இல்லை. இங்கே அகதிகளுக்காகச் செலவானதாய்க் கணக்கு, அதில் பெரும்பங்கு ஹொட்டேல்காரருக்கு. எங்களில் சிலர் அந்த ஹொட்டேல் அறைகளில் இருந்திருக்கிறியள். எவ்வளவு சுகபோகம் என்று நீங்களே சொல்லுங்கோ.

கடைசியாய் எங்கட விசயம். தோட்டப்புறப் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் சேர்த்த காசை எடுத்துச்செல்ல ஒரு நிறுவனம் சம்மதித்திருக்கு. பெயர் இப்ப வேண்டாம். ஒரு நிபந்தனை போட்டிருக்கினம்: எங்கட துண்டுப்பிரசுரத்தில் நாட்கூலி பற்றியும் நாணய நிதியம் பற்றியும் உள்ள இரண்டு வரியை எடுக்கவேணுமாம். எடுத்தால் அடுத்த மாதமே சாப்பாடு தொடங்கும். எடுக்காவிட்டால் வேறு வழி தேடவேணும், இரண்டு மூன்று மாதம் பிந்தும். அந்தப் பிந்துதல் பிள்ளைகளின் தலையில்தான் விழும், எங்கட தலையில் இல்லை. அதை மறைக்க நான் விரும்பேல்லை. இரண்டு இரவாய் யோசித்தனான்.

வரிகள் இருக்கட்டும் என்பது என் பக்கம். தோட்டத்துத் தொழிற்சங்கப் பெண்கள் குழுவோடு நேரடியாய்ப் பேசத் தொடங்கியிருக்கிறன், வங்கிக் கணக்குத்தான் இழுபடுது. மாற்றுக் கருத்து உள்ளவை இப்பவே எழும்பிச் சொல்லுங்கோ, என்னோடு சண்டை பிடியுங்கோ. தேத்தண்ணி குடித்த பிறகு வாக்கெடுப்பு.