வானணி என்னும் சொல்



2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27ஆம் நாள், இந்திய வான்படை மறவர் அபிநந்தன் பாக்கித்தான் படையினரிடம் சிக்கினார். மார்ச்சு முதல்நாள் மீண்டார். அவர் தமிழகத்தைச் சேர்ந்தவர். அந்நாள்களில் அவர் பெயர் ஒலிக்காத தமிழ்வீடு அரிது. ஆனால் அப்பெயரின் முன்னே 'விங் கமாண்டர்' என்னும் வேற்றொலி நின்றது. ஒலி நின்றதேயன்றிப் பொருள் நிற்கவில்லை. அவர் 51ஆம் 'இசுகுவாட்ரனை'ச் சேர்ந்தவர் என்றும் எழுதினர். அஃது என்ன என்பதை எத்தனை தமிழர் அறிந்தனர்?

இதனைச் சிறு குறை எனத் தள்ளுதல் ஆகாது. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் 'மிக்-21' போர்வானூர்திகள் சண்டிகரில் விடைபெற்றன. ஒப்பளிக்கப்பட்ட 42 'இசுகுவாட்ரன்கள்' 29 ஆகக் குறைந்தன என்று செய்தி வந்தது. இருபத்தொன்பது என்பது வானூர்திகளின் எண்ணிக்கையா, அவற்றின் கூட்டங்களின் எண்ணிக்கையா? வரி செலுத்துவோன் தன் நாட்டுக் காவலின் நிலையைத் தன் மொழியில் அறிய இயலாவிடின், அவன் குடிமகன் ஆகான். வேடிக்கை பார்ப்பவனே ஆவான்.

எனவே அச்சொல்லின் வரலாற்றை முதற்கண் ஆராய்தல் வேண்டும். அஃது ஆங்கிலரின் சொந்தச் சொல்லன்று. நான்கு என்னும் பொருள்கொண்ட இலத்தீன வேரிற் கிளைத்து, இத்தாலியத்தில் நாற்கட்டத்தைக் குறித்து, நாற்கட்டமாய் நிரல்பட நின்ற படைஞரைச் சுட்டிற்று. பின்னர் ஆங்கிலம் புகுந்து குதிரைப்படையின் ஒரு கூறுக்கும், கடலிற் கப்பற் கூட்டத்திற்கும் பெயராயிற்று. 1912இல் ஆங்கிலேயர் வான்பறப்புப் படை அமைத்தபோது, பழைய பெயரையே புதிய ஊர்திகளுக்கும் சூட்டினர். வானூர்திக்கும் நாற்கட்டத்திற்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. பழம்படைச் சொல்லைப் புதுப்படைக்கு ஏற்றினர், அவ்வளவே.

பிறமொழியாளரும் இவ்வாறே செய்தனர். செருமானியர் படிக்கட்டின் படியைக் குறிக்கும் தம் சொல்லினின்று 'சுடாஃபல்' என்றனர். அங்கேரியர் நூறு என்னும் தம் எண்ணுப்பெயரினின்று 'சாசாது' என்றனர். சிறு மக்களினமாகிய பின்லாந்தியர் கப்பலைக் குறிக்கும் 'லைவா' என்பதினின்று 'லைவுவே' என்றனர். இம்மூவரும் நாற்கட்டத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கவில்லை. தத்தம் இல்லத்துப் பேழையைத் திறந்து வேண்டியதை எடுத்தனர். இவர்களால் இயன்றது தமிழரால் இயலாதா?

தமிழரின் பேழையில் என்ன உள்ளது? படையின் முன்பகுதிக்குத் தூசி, தார் என்றும், பின்பகுதிக்குக் கூழை என்றும் பெயர்கள் உள. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசனின் படைக்கூட்டங்கள் பல தனித்தனிப் பெயரோடு நிற்கின்றன. வேளைக்காரர் என்றும், தெரிந்த கைக்கோளர் என்றும், தெரிந்த வில்லிகள் என்றும் அவை வழங்கின. தெரிந்தெடுக்கப்பட்டவர் என்பதே 'தெரிந்த' என்பதன் பொருள். அதே தஞ்சையில் 2020ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் 222ஆம் 'இசுகுவாட்ரன்' சுகோய் வானூர்திகளோடு நிலைகொண்டது. ஆயிரம் ஆண்டுகட்கு முன் படைக்குத் தமிழ்ப்பெயர் பொறித்த ஊரில், இன்றைய படைக்குத் தமிழ்ப்பெயர் இல்லை!

அவ்விழுக்கை நீக்கும் சொல் எங்கோ புதைந்து கிடக்கவில்லை. முன்னணி, பின்னணி, பேரணி, அணிவகுப்பு என நாள்தோறும் தமிழர் நாவில் வழங்கும் சொற்கள் யாவும் படைக்களத்தில் வேரூன்றியவை. அவற்றுள் நிற்கும் 'அணி' என்பதே வேண்டிய சொல். அண்ணி நிற்பது அணி; ஒழுங்குபட நிற்பதும் அணி. வானில் இயங்கும் அணி வானணி. வான்படை, வானூர்தி, வானணி என மூன்றும் ஒரு குடும்பத்துச் சொற்களாய் நிற்றல் காண்க. வானவூர்தி என்னும் ஆட்சியோ புறநானூற்றிலேயே உள்ளது.

'படைப்பிரிவு' என்றால் போதாதா எனச் சிலர் வினவுவர். போதாது. பிரிவு என்பது எதற்கும் பொருந்தும். ஆதலின் எதனையும் வரையறுக்காது. வானணியோ வரையறை உடையது. இந்தியப் போர்வானணி ஒன்றில் பெரும்பாலும் 16 முதல் 18 வரை வானூர்திகள் இருக்கும். வலவர், பொறியறிஞர், பணியாளர் ஆகியோர் அதன் உறுப்பினர். அதற்கெனத் தனி எண்ணும் தனிச் சின்னமும் தனி நினைவும் உண்டு. 1971ஆம் ஆண்டுப் போரில் சிரீநகர் வானில் உயிரீந்த நிர்மல்சித் சிங் செக்கோன் 18ஆம் வானணியினர். அன்று அவ்வணி செலுத்தியது 'நாட்' வானூர்தி. 2016இல் ஒடுங்கிய அவ்வணி, 2020ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் கோவையை அடுத்த சூலூரில் 'தேசசு' வானூர்திகளோடு மீண்டும் எழுந்தது. ஊர்தி மாறிற்று, ஊர் மாறிற்று, அணி மாறவில்லை. இத்தகைய தொடர்ச்சியைப் 'பிரிவு' எவ்வாறு உணர்த்தும்?

இனி, ஒரு சொல்லை மட்டும் ஆக்கி நிறுத்தலும் தவறு. ஏணிக்குப் படிகள் எல்லாம் வேண்டும். வானணியின் உட்கூறு சிற்றணி. வானணிக்கு மேற்பட்டது சிறகம். பல சிறகங்களை ஆள்வது கட்டளையகம் எனக் கொள்ளலாம். ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலேயே இவ்வேணி ஒன்றாக இல்லை. பிரித்தானிய வான்படையில் 'குரூப்' என்பது 'விங்' என்பதினும் பெரிது. அமெரிக்க வான்படையில் 'விங்' என்பதே பெரிது. ஆங்கிலச் சொல் உலகெங்கும் ஒரே பொருள் தரும் என்பார் கூற்று இவ்வாறு பொய்படுகின்றது.

மற்றோர் இடறலும் உண்டு. 'இசுகுவாட்ரன் லீடர்' என்பதை 'வானணித் தலைவர்' என மொழிபெயர்த்தால் பிழையாகும். 1919இல் பிரித்தானியர் அத்தரப்பெயரை ஏற்படுத்தியபோது பெயரும் பணியும் ஒத்திருந்தன. பிற்றைநாளில் அணிகள் பெருத்தன. தலைமை மேல்தரத்தார்க்குச் சென்றது. இன்று இந்திய வானணியை நடத்துவோர் 'விங் கமாண்டர்' அல்லது 'குரூப் கேப்டன்' தரத்தினர். ஆகவே வானணித் தலைவர் என்பது, அணியை உண்மையில் நடத்துவார்க்கே உரிய பணிப்பெயராதல் வேண்டும். தரப்பெயர்க்குத் தமிழ்வேந்தர் படைத்தலைவர்க்கு ஈந்த 'ஏனாதி' என்னும் பட்டம் உளது. அணி ஏனாதி, சிறக ஏனாதி எனின் தரம் வேறு, பணி வேறு என்பது விளங்கும். 2019இல் பகைவர் மண்ணில் நிமிர்ந்து நின்ற அபிநந்தன், சிறக ஏனாதி அபிநந்தன் எனத் தமிழில் அழைக்கப்பட்டிருப்பின் அவர் பெருமை குறைந்தா போயிருக்கும்?

'அணி என்பது விளையாட்டிற்கும் அணிகலனுக்கும் வழங்குகின்றதே' என்பார்க்கு விடை எளிது. வான் என்னும் அடை முன்நிற்கையில் மயக்கத்திற்கு இடமில்லை. 'மக்கள் ஏற்பரோ' என்பார்க்குப் பேருந்தே சான்று. அச்சொல் பிறந்தபோதும் நகைத்தோர் உளர். இன்று நகைத்தவர் பிள்ளைகளும் பேருந்தில்தான் ஏறுகின்றனர்.

சொல் அகரமுதலியில் வாழ்வதன்று, வாயில் வாழ்வது. ஆசிரியர் வகுப்பறையில் வழங்குக! இதழாளர் தலைப்பில் எழுதுக! சூலூரிலும் தஞ்சையிலும் தலைக்குமேல் ஊர்திகள் விரையும்போது, "அதோ, வானணி!" என்று தாய் தன் குழந்தைக்குச் சுட்டிக் காட்டுக! வானைக் காக்கும் கூட்டத்திற்குத் தமிழ்ப்பெயர் சூட்டுவது, தமிழைக் காக்கும் கூட்டத்தின் கடன்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!