குமரப் பருவத்து மக்களின் தேகநலமும் பெற்றோர் கடமையும்

(நமது சங்கத்தின் வருஷக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியிற் சிறந்த நமது குல மாணவ மாணவியருக்குச் சற்று முன்னர் இம்மேடையில் பரிசுகள் வழங்கப்பட்டன. பெயர் அழைக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பெண்ணையும் நாமனைவரும் கேட்டு மகிழ்ந்தோம். அம்மதிப்பெண்களை அறிந்த நாம், அப்பிள்ளைகளின் தேகத்தில் ஓடும் இரத்தத்தின் நிலையை அறிவோமா? அவர்களைப் பெற்ற தாய் தந்தையரேனும் அறிவரா? இவ்வினாவைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

பிறருக்குப் புத்தி சொல்லுமுன் எமது இல்லத்தில் நேர்ந்த பிழையைக் கூறுவதே முறையாகும். எமது மூத்த குமாரத்தி பத்தாம் வகுப்பில் படித்த வருஷம், மாலையில் பள்ளியினின்று வந்தவுடன் படுத்துக்கொள்வாள். புத்தகத்தைத் திறந்தால் தலை சுற்றுகிறதென்பாள். "அப்பா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது" என்று ஒருநாள் சொன்னாள். "படிக்கச் சொன்னால்தான் அம்மா உனக்கு மூச்சு வாங்கும்" என்று நாம் சொல்லிவிட்டோம். அன்று அச்சொல் நமக்கு வேடிக்கையாக இருந்தது. இன்று நினைக்குந்தோறும் நெஞ்சு சுடுகின்றது. அரிசிப் பானையிலிருந்து பச்சரிசியை அள்ளி அள்ளி மென்றதையும் வீட்டார் கண்டு, சிறுபிள்ளைப் பழக்கமென்று கண்டித்தார்களேயன்றிக் காரணம் யாதென்று ஆராய்ந்தாரில்லை.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் பள்ளியிலேயே மயங்கி விழுந்தாள். வைத்தியர் அவளுடைய கண்ணின் கீழிமையைத் தாழ்த்திப் பார்த்தார், வெளுத்திருந்தது. இரத்தத்தைச் சோதித்ததில் ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறையாமல் இருக்கவேண்டிய இடத்தில் 7 கிராமே இருந்தது. "எத்தனை நாளாக இப்படி?" என்று வைத்தியர் கேட்டபொழுதுதான் உண்மை வெளிவந்தது. ஓராண்டாக அவளுக்கு மாதவிலக்கில் மிகுதியான உதிரப்போக்கு இருந்திருக்கின்றது. மகள் தாயிடம் சொல்லியிருக்கிறாள். தாய் பாட்டியாரிடம் சொல்லியிருக்கிறார். "வைத்தியரிடம் போனால் ஊர் அறியும், பெண்ணுக்கு நோய் என்று பெயர் வந்துவிட்டால் நம்மவரில் யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்று பாட்டியார் தடுத்துவிட்டார். தந்தையாகிய நமக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத்தக்கவராக நாம் நடந்துகொள்ளவுமில்லை.

பெரியோர்களே! அம்மூதாட்டியார்மீது நாம் குறை கூறோம். அவர் அஞ்சியது நோய்க்கன்று. நம்முடைய வாய்க்கே அஞ்சினார். கலியாண வீட்டுத் திண்ணையிலும் இச்சங்கத்தின் கூடத்திலும் பிறர் வீட்டுப் பெண்ணைப் பற்றி நாம் பேசும் பேச்சே அப்பெண் மருந்துண்ணாமல் ஓராண்டு வாடியதற்கு மூலகாரணமாயிற்று. ஆகவே இஃது ஒரு குடும்பத்தின் பிழை மாத்திரமன்று. நம் சமூகத்தின் பிழையுமாகும்.

இது எங்கோ ஒரு வீட்டில் அபூர்வமாக நிகழ்வதென்று எண்ண வேண்டாம். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் தேசத்தில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கும், அதே வயதுள்ள ஆண்களில் நூற்றுக்கு 31 பேருக்கும் இரத்தசோகை இருந்தது. ஆகையால் ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்களும் இவ்விஷயம் தமக்கன்று என்று எழுந்து போதல் தகாது.

குமரப் பருவத்தில் இக்குறை மிகுவதேன்? அப்பருவத்தில் எலும்பும் தசையும் இரத்தமும் விரைந்து பெருகுகின்றன. இரத்தம் பெருகுவதற்கு இரும்புச்சத்து வேண்டும். பெண்களுக்கோ மாதவிலக்கினால் அச்சத்து மாதந்தோறும் வெளியேறுகின்றது. வரவு குறைந்து செலவு மிகுந்தால் வியாபாரம் என்னாகுமென்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. இத்துடன், நேரமில்லையென்று காலையுணவைத் தவிர்த்தல், வெறும் சோறும் இட்டிலியும் தின்பண்டப் பொட்டலங்களுமாகவே வயிற்றை நிரப்புதல், குடலிலுள்ள கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சுதல் ஆகியவையும் காரணங்களாம். ஆண்கள் உண்டபின் எஞ்சியதைப் பெண்கள் உண்ணும் வழக்கமுள்ள வீடுகளில், மிகுதியாகச் சத்து வேண்டிய பெண்ணின் இலைக்கே குறைவாக வந்து சேர்கின்றது.

பெற்றோர் கவனிக்கவேண்டிய குறிகள் யாவை? காரணமின்றித் தளர்ச்சி, படியேறுகையில் மூச்சிரைப்பு, தலைசுற்றல், நெஞ்சு படபடப்பு, கீழிமையும் நகமும் நாவும் வெளுத்தல், படிப்பில் கவனம் நில்லாமை, பச்சரிசி, பல்பம், மண் முதலியவற்றைத் தின்னும் ஆசை ஆகியனவாம். மாதவிலக்கு ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தாலும், ஒன்றிரண்டு மணி நேரத்திற்கொருமுறை அணையாடை மாற்றும்படி நேர்ந்தாலும், அதனை இயல்பென்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். இக்குறிகளுள் யாதொன்றும் தோன்றாமலே சோகை இருத்தலும் உண்டாதலால், சிறிதளவு இரத்தத்தைச் சோதிப்பதே நிச்சயமான வழியாகும். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் இச்சோதனை செய்கின்றார்கள்.

உணவின் விஷயத்தில் நம் முன்னோர் அறிந்த பொருள்களே பெரிதும் போதுமானவை. கம்பு, கேழ்வரகு, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, எள், முருங்கைக்கீரை இவற்றை வாரத்தில் பலநாள் சேர்க்கலாம். புலால் உண்ணும் குடும்பத்தினர்க்கு ஈரலும் இறைச்சியும் மீனும் உண்டு. அவற்றிலுள்ள இரும்புச்சத்தைத் தேகம் எளிதில் ஏற்கின்றது. கீரையிலும் தானியத்திலுமுள்ள சத்து அத்துணை எளிதிற் சேர்வதில்லை. அதனுடன் எலுமிச்சம்பழச் சாறேனும் நெல்லிக்காயேனும் கொய்யாப்பழமேனும் சேர்த்துண்டால் மிகுதியாகச் சேரும். உணவோடும் உணவுண்டவுடனும் தேநீரும் காப்பியும் பருகுதல் அச்சத்தைத் தடுக்கும். ஒருமணி நேரமாவது கழித்துப் பருகலாம்.

ஆயினும் சோகை முற்றியபின் உணவு மாத்திரம் போதாது, மருந்து வேண்டும். வைத்தியர் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பாலுடனோ தேநீருடனோ உண்ணலாகாது. மலம் கருத்துப் போதல் இம்மாத்திரையின் இயல்பு; அதற்கஞ்சி நிறுத்திவிட வேண்டாம். வயிறு புரட்டினால் உணவுக்குப் பின் உண்ணலாம். ஹீமோகுளோபின் சரியான அளவுக்கு வந்த பின்னரும், தேகத்தின் சேமிப்பு நிறையும் பொருட்டுச் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும். சோகை வாராமற் காக்கவே பள்ளிகளில் வாரம் ஒருமுறை நீலநிற மாத்திரையும், குறித்த காலத்தில் குடற்புழு மாத்திரையும் அரசாங்கத்தார் இலவசமாக அளிக்கின்றனர். பிள்ளைகள் அவற்றை வாங்கிச் சன்னலுக்கு வெளியே எறிந்துவிடுவதும், நாம் அதனைக் கேளாதிருப்பதும் உண்டு. இனியேனும் கேட்போமாக.

இன்னுமொன்று நம்மவர் சிறப்பாக அறியவேண்டுவது. சில பிள்ளைகளுக்கு மாத்திரையுண்டும் சோகை தீராது. அவர்களில் சிலர் தலசீமியா என்னும் பரம்பரைக் குறையைச் சுமப்பவராக இருக்கலாம். சுமப்பவர் ஒருவர் நலமாகவே வாழ்வார். ஆனால் கணவன் மனைவி இருவருமே சுமப்பவராயின், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு, பிறக்கும் குழந்தை கடும் நோயுடன் பிறக்க ஏதுவாகும். அத்தை மகன், மாமன் மகள் என்று நெருங்கிய உறவிலும் குறுகிய வட்டத்திலும் கொள்வினை கொடுப்பினை செய்யும் நம்மைப் போன்றோர்க்கு இது பொருட்படுத்தத்தக்க விஷயம். இதற்கும் இரத்தச் சோதனை உண்டு. பத்துப் பொருத்தமும் பார்க்கும் நாம் இந்தப் பதினோராவது பொருத்தத்தையும் பார்ப்பதில் இழுக்கு யாது?

சகோதர சகோதரிகளே! தளர்ச்சிக்கெல்லாம் சோகையே காரணமென்று நாம் சொல்லவில்லை. 13 முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் துயில் வேண்டும். அப்பருவத்தில் உறக்கம் வரும் வேளை இயல்பாகவே சற்றுப் பின்தள்ளிப் போகின்றது. இதன்மேல் நள்ளிரவு வரை கைப்பேசியும், விடியுமுன் தனிவகுப்பும் சேர்ந்தால் எந்தத் தேகம் தாங்கும்? துயில் போதிய அளவிருந்தும், இரண்டு வாரத்திற்கு மேலாக ஒரு பிள்ளை உண்ணாமலும் பேசாமலும் விரும்பிய விளையாட்டையும் வெறுத்தும் இருப்பின், அஃது உள்ளத்தின் நோயாகவும் இருக்கலாம். அதற்கும் வைத்தியருண்டு. 14416 என்னும் எண்ணில் அரசாங்கத்தாரின் இலவச மனநல ஆலோசனையும் 2022ஆம் வருஷம் முதல் கிடைத்து வருகின்றது. நாம் வேண்டுவது இவ்வளவே: பிள்ளையைச் சோம்பேறி என்று அழைக்குமுன், நோயாளியோ என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

முடிவாகச் சங்கத்தாருக்கு இரண்டு விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம். முதலாவது, அடுத்த வருஷம் இப்பரிசளிப்பு நாளிலே ஒரு பெண் வைத்தியரை வரவழைத்து, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் யாவருக்கும், பரிசு பெற்றவர், பெறாதவர் என்ற பேதமின்றி, இரத்தச் சோதனை செய்விக்கவேண்டும். அதன் முடிவைப் பிள்ளையும் பெற்றோரும் வைத்தியருமே அறியலாம்; சங்கத்தின் புத்தகத்தில் ஒரு வரியும் எழுதலாகாது. இரண்டாவது, ஒரு பெண் மருந்துண்கிறாள் என்பதைக் கலியாணப் பேச்சில் குறையாக எடுப்பதில்லையென்று நாமனைவரும் இன்றே உறுதிகொள்ள வேண்டும். முதல் விண்ணப்பத்திற்குப் பணம் வேண்டும், அதனைத் திரட்டிவிடலாம். இரண்டாவதற்கு நாவடக்கம் வேண்டும், அதுவே அரிது.

எமது குமாரத்தி ஆறு மாதம் மருந்துண்டு நலம் பெற்றாள். அவ்வருஷப் பரீட்சையில் அவளுக்குக் குறைந்த மதிப்பெண்ணே கிடைத்தது. இம்மேடையில் அவள் பெயர் அழைக்கப்படவில்லை. அதனால் நமக்கு வருத்தமில்லை. இப்பொழுது அவள் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுகின்றாள். அவ்வோசையைக் கேட்கும்பொழுதெல்லாம், அன்று நாம் சொன்ன அச்சொல்லை வேறெந்தத் தந்தையும் தன் மகளிடம் சொல்லாதிருக்க வேண்டுமென்று எண்ணுகின்றோம். அதன் பொருட்டே நாணத்தை விட்டு உங்கள்முன் இதனை எடுத்துரைத்தோம்.