மெதுவா நடக்கிறவங்க முன்னாடி போகட்டும்: திருவண்ணாமலையில் ஒரு ஃபேமிலி மலைநடை

பாண்டியில கடல் இருக்கு, மலை கிடையாது. அதனால மலைன்னாலே ஏற்காடு, கொடைக்கானல்னு ரெண்டு நாள் லீவு போடணும்னு நினைக்கிறோம். ஆனா நூறு கிலோமீட்டர் சொச்சத்துல, திண்டிவனம், செஞ்சி வழியா போனா திருவண்ணாமலை. அங்க கிரிவலம் எல்லாருக்கும் தெரியும்: மலையைச் சுத்தி 14 கிலோமீட்டர், தார் ரோடு. இன்னிக்கு பேசப்போறது அது இல்ல. ரமணாசிரமத்துக்குப் பின்னாடி ஆரம்பிச்சு, மரங்களுக்கு நடுவுல மலைமேல ஸ்கந்தாசிரமம் வரைக்கும் போற கல் பாதை.

தூரம் ரெண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. தனியா போனா அரை மணி நேரம், முக்கால் மணி நேரம். சின்னப் பசங்க, பாட்டியோட போனா ஒரு மணி நேரம் வெச்சுக்கோங்க. வெயில் ஏறினா கல்லு சுடும், அதனால காலையிலயே போயிடுங்க.

ஏற்பாடு முந்தின நாள் சாயங்காலம் பெரிய மார்க்கெட்லயே ஆரம்பிச்சிடும். வாழைப்பழம் வாங்கலாம், ஆனா அதை மலையடிவாரத்துலயே சாப்பிட்டு முடிச்சிடுங்க. மேல குரங்குங்க கையில தொங்குற கவரைப் பார்த்தாலே பாயும். பாதைக்கு வறுத்த வேர்க்கடலையும் தண்ணியும் போதும். ரெண்டும் ஜிப் போட்ட முதுகுப் பைக்குள்ள இருக்கட்டும். பாவமேன்னு குரங்குக்கு எதுவும் கொடுக்காதீங்க. நீங்க கொடுத்துப் பழக்கினா, அடுத்து வர்ற குழந்தைகிட்ட அது பிடுங்கும்.

இப்போ முக்கியமான விஷயம். குடும்பமா ஏறும்போது யார் முன்னாடி போறது? வழக்கமா தெம்பா இருக்கிறவங்க வேகமா போய், ஒரு பாறையில உட்கார்ந்து காத்திருப்பாங்க. அம்மா மூச்சு வாங்கிக்கிட்டு வந்து சேர்றதுக்குள்ள இவங்க ரெஸ்ட் எடுத்து முடிச்சு "கிளம்பலாமா?"ம்பாங்க. ஓய்வு தேவைப்படாதவங்களுக்கு ஓய்வு கிடைக்குது, தேவைப்படுறவங்களுக்குக் கிடைக்கல. நம்ம வேலையில சொல்ற மாதிரி, ஒரு பைப்லைனோட வேகத்தை அதுல மெதுவான ஸ்டேஜ்தான் முடிவு பண்ணும். அதனால மெதுவா நடக்கிறவங்க முன்னாடி, மத்தவங்க பின்னாடி. அவங்க நின்னா எல்லாரும் நிக்கணும்.

மேல போனா திருவண்ணாமலை கோயிலும் அதோட கோபுரங்களும் மொத்தமா கண்ணுக்குத் தெரியும். ரமணர் 1916-ல இருந்து 1922 வரைக்கும் ஸ்கந்தாசிரமத்துல இருந்தார். அந்த இடத்தைச் சீராக்கிக் கட்டினவர் கந்தசாமிங்கிற பக்தர், அந்தப் பேர்தான் ஆசிரமத்துக்கும். கொஞ்சம் கீழ இறங்கினா விரூபாட்ச குகை, அதுக்கு முன்னாடி அவர் இருந்த இடம். அந்த இறக்கம் செங்குத்தா இருக்கும். முட்டி வலி இருக்கிறவங்க வந்த வழியே திரும்பிடலாம்.

இந்தப் பாதை சுலபமா இருக்கிறதுக்குக் காரணம் மலை இல்ல, மனுஷங்க. யாரோ கல்லு போட்டாங்க. மொட்டையா கிடந்த சரிவுகள்ல 1980களோட கடைசியில இருந்து தன்னார்வலர்கள் மரம் நட்டு வளர்த்தாங்க. கோடையில இங்க காய்ஞ்ச புல்லு சட்டுனு பத்திக்கும். ஒரு பீடித் துண்டு போதும், பல வருஷம் வளர்த்த கன்னுங்க ஒரே ராத்திரியில போயிடும். அதனால தீ பரவாம இருக்க புல்லை வெட்டி இடைவெளி விடுற வேலை வருஷா வருஷம் நடக்குது.

இன்னொண்ணும் சொல்லியாகணும். 2024 நவம்பர் 30 ராத்திரி நம்ம ஊரை மூழ்கடிச்ச ஃபெஞ்சல் புயல் ஞாபகம் இருக்கா? அதே மழையில மறுநாள் இந்த மலையோட சரிவுல மண்ணும் பாறையும் சரிஞ்சு வ.உ.சி. நகர்ல ஒரு வீட்டை மூடிடுச்சு. ஏழு பேர் இறந்தாங்க, அதுல அஞ்சு பேர் குழந்தைங்க. ஃபோட்டோவுல அழகா தெரியுற மலைக்குக் கீழயே ஜனங்க குடியிருக்காங்க. அதனால பெருமழைக்கு அப்புறம் போகாதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி பாதை திறந்திருக்கான்னு விசாரிங்க. வனத்துறை மூடியிருந்தா "ஒரு ரீல்ஸுக்கு மட்டும்"னு சைடுல புகுந்து ஏறாதீங்க. உச்சிக்கும் அனுமதி இல்லாம போகக் கூடாது.

வீட்டுல இருக்கிற பெரியவங்ககிட்ட ஒரு ஞாயித்துக்கிழமை கேட்டுப் பாருங்க. "என்னால முடியாதுப்பா"ன்னு சொன்னா, "நீங்கதான் முன்னாடி நடக்கப் போறீங்க"ன்னு சொல்லுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.