கர்ப்பப்பை ஸ்கேனுக்குப் போகும் நாளில்

(சங்கத்தின் மாதர் பிரிவு, தோட்டத் தலைவிமார் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளமும் காணியும் கதைக்கிற மேடையில் கர்ப்பப்பையைப் பற்றிக் கதைப்பதா என்று சிலர் கேட்டார்கள். கொழுந்துக் கூடையைச் சுமக்கிற உடம்பைப் பற்றித்தானே கதைக்கிறோம். டிவிசன் டிவிசனாக நாங்கள் போனபோது பல பெண்கள் சொன்னது இதுதான்: "டொக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லித் துண்டு தந்தார். துண்டு பெட்டியில் கிடக்கிறது." பயமும் வெட்கமும் ஒரு பக்கம். ஒருநாள் பேர் போய்விடுமே என்ற கணக்கு இன்னொரு பக்கம்.

முதலில் ஒன்று. ஸ்கேன் எக்ஸ்ரே அல்ல. அதில் கதிர்வீச்சு இல்லை. காதுக்குக் கேட்காத ஒலியை உடம்புக்குள் அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை மெசின் படமாகக் காட்டுகிறது. பிள்ளை வயிற்றில் இருந்தபோது நமக்கு எடுத்தார்களே, அதே ஸ்கேன்தான். ஊசி, மயக்க மருந்து எதுவும் கிடையாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசும் இல்லை.

வயிற்றின்மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். கர்ப்பப்பை அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. பை நிறைந்தால் குடலை ஒதுக்கிவிட்டு, ஜன்னல் திறந்த மாதிரி வழி விடும். காலியாக இருந்தால் படம் தெளிவாக விழாது. இங்கேதான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மலையில் மலசலகூடம் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தே பழகிவிட்டோம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போக வேண்டுமென்றால் கேட்கவே வேண்டாம், வாயைக் கட்டிக்கொண்டுதான் ஏறுகிறோம். ஆஸ்பத்திரியில், "மூத்திரப்பையில் ஒன்றுமில்லை, இன்னொரு நாள் வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒரு ஸ்கேனுக்கு இரண்டு பேர் நட்டம்.

ஆகவே ஒரு லீற்றர் போத்தலில் கொதித்தாறிய தண்ணீரைக் கொண்டுபோங்கள். வீட்டிலேயே குடித்துவிட்டு பஸ் ஏறித் தவிக்க வேண்டாம். நம்பர் எடுத்து, எத்தனை மணியளவில் கூப்பிடுவார்கள் என்று கேட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் குடியுங்கள். எடுத்து முடியும்வரை அடக்க வேண்டும். தாங்க முடியாவிட்டால் வெட்கப்படாமல் தாதியிடம் சொல்லுங்கள். சேலையாக இருந்தாலும் பாவாடை சட்டையாக இருந்தாலும் அடிவயிறு தெரியும்படி தளர்த்தக்கூடியதாக உடுத்துங்கள். வயிற்றில் குளிர்ந்த பசை தடவி, கைப்பிடி போன்ற ஒன்றை அழுத்தி நகர்த்துவார்கள். நிறைந்த பையின் மேல் அழுத்தும்போது சங்கடமாக இருக்கும், அவ்வளவுதான். முடிந்ததும் நேராக மலசலகூடம்.

இன்னொரு முறை உண்டு. அதைச் சொல்லாமல் விடுவதால்தான் அங்கே போய்த் திடுக்கிடுகிறோம். இரண்டு விரல் தடிப்பான கருவிக்கு உறை போட்டு, பசை தடவி, பெண்ணுறுப்பின் வழியாக மெதுவாக உள்ளே வைத்துப் பார்ப்பது. கர்ப்பப்பையின் உள்சவ்வும் சூலகங்களும் இதில் நன்றாகத் தெரியும். இதற்கு மூத்திரப்பை காலியாக இருக்க வேண்டும். உங்களிடம் கேட்டு, நீங்கள் சம்மதித்த பிறகுதான் செய்ய வேண்டும். கலியாணம் கட்டாத பிள்ளைகள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; அவர்களுக்கு வயிற்றின்மேல் வைத்தே பார்ப்பார்கள். பக்கத்தில் ஒரு தாதி நிற்கட்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

தீட்டு நாளில் துண்டு விழுந்தால் வீட்டில் இருந்துவிடாதீர்கள். இரத்தம் போகும்போதும் ஸ்கேன் எடுக்கலாம். டொக்டர் குறிப்பிட்ட நாள் சொல்லியிருந்தால் மட்டும் அதைக் கேட்டு நடவுங்கள். கடைசியாகத் தீட்டு வந்த திகதியை எழுதிக்கொண்டு போங்கள். லூப் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் ஆங்கிலத்தில் வரும். அதைப் படிக்கத் தெரிந்த பையனிடம் கொடுத்து, அவன் சொல்வதைக் கேட்டு அழ வேண்டாம். துண்டு தந்த டொக்டரிடமே கொண்டுபோங்கள். "கட்டி" என்ற சொல்லைக் கேட்டதும் புற்றுநோய் என்று நினைக்கிறோம். கர்ப்பப்பையில் வரும் நார்க்கட்டி அநேகமாகப் புற்றுநோய் அல்ல. அதற்காக எல்லாருக்கும் கர்ப்பப்பையை எடுப்பதுமில்லை. சிறியதாக, தொந்தரவில்லாமல் இருந்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தீட்டு நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடும். ஆனால் துணி துணியாக மாற்றுமளவு இரத்தம் போவதை "என் உடம்பு வாகு" என்று விட்டால், இரத்தச் சோகையோடுதான் மலை ஏறுவீர்கள். தீட்டு நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும் தள்ளிப்போடக் கூடாது.

ஸ்கேன் எடுத்தாயிற்று, இனி ஒன்றும் வேண்டாம் என்றும் இருக்காதீர்கள். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயை ஆரம்பத்தில் இந்த ஸ்கேன் காட்டாது. அதற்கு வேறு பரிசோதனை. 35 வயதானவர்களுக்குச் சுவநாரி கிளினிக்கில் இலவசமாகச் செய்கிறார்கள். நாளை உங்கள் மிட்வைபிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலையில் மலசலகூடம், கிளினிக் நாளுக்குப் பேர் என்ற இரண்டு கோரிக்கைகளையும் நிர்வாகத்திடம் கொடுக்க எழுதி வைத்திருக்கிறோம். வெளியே மேசையில் கையொப்பம் இடலாம். சிங்களம் கதைக்கத் தெரிந்த ஒருவர் துணைக்கு வேண்டுமென்றால் உங்கள் தோட்டத் தலைவியிடம் திகதியோடு பெயர் கொடுங்கள், எங்களில் ஒருவர் கூட வருவோம்.